அக்காவிடம் மிஞ்சிய சொல்

பிப்ரவரி 11

இன்றைக்கும் அதே சொல்தான். காலையில் ஜன்னல் திரையை விலக்கினேன். வெயில் நேராக அக்கா கண்ணில் விழுந்தது. "அனஸ்தாசிஸ்!" என்று ஒரு அதட்டல். திரையை இழுத்துவிட்டேன். "அனஸ்தாசிஸ்" என்றாள், 'ம், அப்படி' என்பது போல.

தலையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதிலிருந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. இந்த ஒரு சொல் மட்டும் நின்றது. அது என்ன பாஷை, என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். என் மகள் வயதுதான் இருக்கும், நான் டீச்சரம்மா என்பேன். அவளிடம் கேட்டேன்.

"சில பேருக்கு இப்படி ஒரே ஒரு சொல் நின்னுரும் ஐயா. ஒருத்தருக்குக் கெட்ட வார்த்தை. இன்னொருத்தருக்கு அவர் பொண்டாட்டி பேரு. வெள்ளம் புகுந்த வீட்டுல எந்தப் பாத்திரம் மிதக்கும்னு முன்னாடியே சொல்ல முடியுமா? அது மாதிரிதான். அவங்க என்ன சொல்றாங்கன்னு பார்க்காதீங்க, எப்படிச் சொல்றாங்கன்னு கேளுங்க."

எனக்கா கேட்கத் தெரியாது! ஆயுசு முழுக்க ஆடு மேய்த்தவன். ஆட்டுக்கு இருப்பதே ஒரே சொல். குட்டியைக் காணாத தாய் கத்துவது ஒரு மாதிரி, தண்ணீர் கேட்பது ஒரு மாதிரி, மழை வரப்போகிறது என்றால் அது வேறு. ஒரு கிடா இருந்தது, எனக்குப் பிடிக்காத ஆள் யார் வந்தாலும் எனக்கு முன்னால் அது கத்தும். சரி, கிடா கதை எதற்கு இப்போது?

அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்: "அக்கா, நீ ஆடு மாதிரிதான், எனக்கு எல்லாம் புரியுது."

அவள் பார்த்த பார்வை! "அனஸ்தாசிஸ்" என்றாள். அதற்கு 'போடா மடையா' என்று பொருள். பள்ளிக்கூடம் போகாமல் அக்காவிடமே எழுத்துப் படித்தவனுக்குப் புரியாதா?

பிப்ரவரி 14

மாத்திரை கசந்தது, அதே சொல். தலை வாரிவிட்டேன், இடது பக்கத்து உதடு மட்டும் சிரிக்க, அதே சொல். எங்கள் அகராதி ஓடிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 20

அக்கா மகன் வந்தான். ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்தே வந்திருக்கிறான், கண்ணெல்லாம் சிவப்பு. என்னிடம் பேச வேண்டும் என்று அடுக்களைக்குக் கூப்பிட்டான். அடுக்களைக்கும் அக்கா கட்டிலுக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான். அதை அவன் யோசிக்கவில்லை. நானும்தான்.

"மாமா, மார்ச் நடுவுல அம்மாவை ஒரு இல்லத்துல சேர்க்கப் போறேன். நல்ல இடம். பாத்துக்க ஆள் இருக்கு. இந்த வீட்டைப் பூட்டிரலாம்."

"நான் இருக்கேனேடா மாப்ளே. ஆட்டையெல்லாம் வித்துட்டு அதுக்குத்தானே வந்தேன்."

"உங்களுக்கும் வயசாகுது. அதுவும் இல்லாம... எங்க இருக்கோம்னே தெரியாதவங்களுக்கு எங்க இருந்தா என்ன மாமா? ரெக்கார்டு ஒரே இடத்துல மாட்டிக்கிட்ட மாதிரி ஒரே உளறல்."

"உளறல் இல்லடா. அது ஒரு சொல்லு."

"என்ன சொல்லு? அர்த்தம் சொல்லுங்க பார்ப்போம்."

பால் பொங்குகிறது என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவன் கெட்டவன் இல்லை, எழுதி வைக்கிறேன். அம்மாவைப் பார்க்க முடியாமல்தான் ஓடுகிறான். அக்கா அச்சகத்தில் பிழை திருத்தினவள். அச்சாகும் முன் ஒவ்வொரு தாளாகப் படித்துத் தப்பைப் பிடிக்கிற வேலை. விடுதியில் படித்தபோது இவன் எழுதிய கடிதங்களைச் சிவப்பு மையில் திருத்தி இவனுக்கே திருப்பி அனுப்புவாள். கடைசியில் 'அன்பு முத்தங்கள்' என்று போட்டு, அதற்குக் கீழே மதிப்பெண். அப்படிப்பட்ட அம்மா இப்படிக் கிடந்தால் எந்தப் பிள்ளைக்கு நெஞ்சு தாங்கும்?

திரையை விலக்கிக்கொண்டு போனோம். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள். "அனஸ்தாசிஸ்" என்றாள். மெதுவாக, காற்றில்லாமல். இந்தத் தொனியை நான் இதுவரை கேட்டதில்லை.

பிப்ரவரி 23

அர்த்தம் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று அக்காவோடு வேலை பார்த்த பெரியவருக்குப் போன் போட்டேன். அச்சுக்கு ஈய எழுத்துக் கோத்தவர். பெயரெல்லாம் யாருக்கும் ஞாபகமில்லை, 'ஒற்று' என்றுதான் கூப்பிடுவார்கள். வார்த்தைக்கு வார்த்தை ஒற்றெழுத்தை விழுங்கிவிட்டு அக்காவிடம் திட்டு வாங்கி வந்த பட்டம்.

சொல்லைச் சொன்னேன்.

"யாரு... ஏம்மாவா சொல்றா?" அக்காவை அவர் 'ஏம்மா' என்றுதான் சொல்வார். "தம்பி, அது சொல்லுதான்யா! கிரேக்கச் சொல்லு. உயிர்த்தெழுதல்னு அர்த்தம்."

பைபிளுக்குப் பெரிய விளக்கப் புத்தகம் ஒன்றை அவர்கள் அச்சகத்தில் அடித்தார்களாம். எழுதியவர் பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சொல்லை அப்படியே போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாராம். "'அன'ன்னா மேலே. 'ஸ்தாசிஸ்'னா நிக்கிறது. அந்தப் பழைய ஆளுங்க படுக்கையை விட்டு எழுந்தாலும் அதையே சொல்வாங்களாம். இடிஞ்ச சுவரைத் திரும்ப எழுப்பினாலும் அதுதானாம். பிறகு செத்தவங்க எழுறதுக்குன்னே ஆகிப்போச்சு. நம்ம பக்கம் யாருக்குத் தெரியும்? படிச்சவங்க புத்தகத்துல எங்கயாவது கிடக்கும்."

சொல்லிவிட்டு அவர் அழுதார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. செத்தவர் எழும் சொல். எழுந்து நிற்கும் சொல். எல்லாம் போன பிறகு என் அக்கா கையில் பிடித்துக்கொண்டு நிற்பது இதையா?

மாப்ளேக்கு உடனே போன். "உளறல் இல்லடா! அர்த்தம் கிடைச்சிருச்சுடா!"

கேட்டுவிட்டு, "அம்மா சாகப் போறதை நினைச்சுச் சொல்றாங்களா மாமா?" என்றான். போனை வைத்துவிட்டான்.

பிப்ரவரி 24

என் வாய் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் சொன்னேன். மெஷினை அப்படியே விட்டுவிட்டு, கழுத்தில் டேப்போடு ஓடி வந்தாள்.

அக்கா அவளைப் பார்த்து "அனஸ்தாசிஸ்" என்றாள். தையல்காரி பொத்தென்று முட்டி போட்டுக் கண்ணை மூடினாள். அக்கா மறுபடியும் சொன்னாள். தையல்காரிக்குக் கண்ணீர். மூன்றாம் தடவை கொஞ்சம் கத்தியே சொன்னாள். "அண்ணே, உடம்பெல்லாம் சிலிர்க்குதுண்ணே!" நானும் கையைக் கட்டிக்கொண்டு பக்தியாக நின்றேன்.

அவள் போன பிறகுதான் பார்த்தேன். தண்ணீர்த் தம்ளர் காலி. அக்கா உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது.

மார்ச் 1

தெருவில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டார்கள். ஒருத்தர் கைக்குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார். ஆள் வந்தால் அக்கா இப்போது வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். எனக்கும் முன்போல அவள் சொல்வது பிடிபடவில்லை. கேட்கும்போதெல்லாம் 'எழுதல், எழுதல்' என்றே மனதில் ஓடுகிறது. மாத்திரை கேட்கிறாளா, போர்வை கேட்கிறாளா, இல்லை மேலே போகத்தான் கேட்கிறாளா? ஏன் முன்பு தெரிந்தது, இப்போது தெரியவில்லை?

மார்ச் 4

எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

சில குட்டி மூச்சில்லாமல் பிறக்கும். வாயில் விரல் விட்டுக் கோழையை வழித்து, மூக்கில் வைக்கோல் துரும்பை விட்டுக் கிண்டுவோம். அதற்கும் அசையாவிட்டால் பின்னங்காலைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுவோம். தும்மும்! செத்தது தும்மும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே... ஆனால் வேலை அதோடு முடியாது. குட்டியை நிற்க வைக்க வேண்டும். நின்றால்தான் தாய்மடி எட்டும். நின்றது பிழைக்கும், படுத்தது போகும். எனக்குத் தெரிந்த படிப்பு அது ஒன்றுதான்.

இல்லத்துக்கு அனுப்புகிற நாள் நெருங்குகிறது. அக்கா நின்றுவிட்டால்? வாசல் வரை நடந்துவிட்டால்? அவள்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறாளே, எழ வேண்டும், நிற்க வேண்டும் என்று!

கட்டிலில் உட்கார வைத்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன்.

"அனஸ்தாசிஸ்!"

"ஆமாக்கா, எந்திரி."

"அனஸ்தாசிஸ்! அனஸ்தாசிஸ்!"

"இந்தா, இன்னும் கொஞ்சந்தான், எந்திரிக்கா!"

வலது கால் ஈரத்துணி மாதிரி மடிந்தது. இரண்டு பேரும் விழுந்தோம். அவள் நெற்றி கட்டில் விளிம்பில் இடித்தது.

வேணாம் வேணாம்னு கத்தியிருக்கா. ஒரு கைப்பிள்ளைக்குக்கூடப் புரிஞ்சிருக்கும். என் காதுல ஏன் விழலை? விழுந்துச்சு. அர்த்தந்தான் விழுந்துச்சு, அக்கா விழலை.

மார்ச் 5

எலும்பு முறியவில்லை. நெற்றியில் தையல். அக்கா பேசவில்லை. அந்த ஒன்றையும் பேசவில்லை.

மார்ச் 6

டீச்சரம்மா வந்தாள். நடந்ததைச் சொன்னேன், திட்டட்டும் என்று நின்றேன். திட்டவில்லை. அக்காவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போகும்போது சொன்னாள்:

"அர்த்தம் தெரியுற வரைக்கும் உங்க ஆட்டுக்காது நல்லாத்தானே வேலை செஞ்சுது ஐயா?"

மார்ச் 9

மாப்ளே வந்துவிட்டான். நெற்றிக் கட்டைப் பார்த்தான். "இதுக்குத்தான் சொன்னேன்" என்று சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அதற்குச் சொல்லியிருந்தாலே தேவலை. பதினைந்தாம் தேதி வேன் வருகிறது. நான் எந்த முகத்தோடு வாய் திறப்பேன்?

மார்ச் 12

பெட்டி கட்டுகிறோம். அலமாரியில் சிவப்புப் பேனாக்கள், ரப்பர் போட்டுக் கட்டியது. எடுத்து வைக்கவா, விடவா என்று மாப்ளே என்னைப் பார்த்தான். எடுத்து வைத்தேன்.

மார்ச் 14

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

அக்காவை வழியனுப்ப ஒற்று வந்தார். பஸ் மாறிப் பஸ் ஏறி, கம்பு ஊன்றி. கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டேன். மாப்ளே கட்டி வைத்த பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான்.

ஒற்று நல்ல பக்திமான். உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார். "ஏம்மா, நீ பாக்கியவதி. எங்களுக்கெல்லாம் கடைசில என்ன வார்த்தை வாய்க்குமோ. உனக்குப் பாரு, உயிர்த்தெழுதல்..." மூக்கைச் சிந்திக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். நெற்றிக்கட்டு, ஒரு பக்கம் தொங்கிய வாய். பிறகு கண்ணை மெதுவாகச் சுவர்க் கடிகாரத்துக்குக் கொண்டுபோனாள். நாலு மணி. இடது புருவம் மேலே ஏறியது. இத்தனை நாள் மூடியிருந்த வாய் திறந்தது.

"அனஸ்தா...சிஸ்."

நடுவில் ஓர் இழுப்பு, கடைசியில் ஒரு வெட்டு. புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கிற மாதிரி.

ஒற்று பேச்சை அப்படியே பாதியில் விட்டார். முட்டியில் கை ஊன்றினார். எழுந்தார். கம்பைக்கூட எடுக்காமல் வாசல் பக்கம் நடந்தார். கை தானாகச் சட்டைப்பையைத் தடவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதில் போட்டது. நிலைப்படி வரை போனவர் நின்றார். திரும்பி எங்களைப் பார்த்தார்.

"நான் எதுக்குய்யா எழுந்தேன்?"

கட்டிலிலிருந்து ஒரு சத்தம். அக்கா சிரிக்கிறாள். தோள் குலுங்கக் குலுங்க, பாதி முகத்தில் முழுச் சிரிப்பு.

"அடிப்பாவி!" என்றார் ஒற்று. "அடிப்பாவி ஏம்மா!" அவரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார். நானும் மாப்ளேயும் திருதிருவென்று விழித்தோம்.

அப்புறம் சொன்னார். அச்சகத்தில் ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் அச்சுத்தாளில் ஒத்துப் பார்ப்பாராம். வாசிப்பது அக்கா. முதலாளி கண்ணாடி அறையில் உட்கார்ந்து எல்லாரையும் முறைத்துக்கொண்டே இருப்பார். டீக்கு எழுந்தால் ஏச்சு. "இந்தப் புத்தகம் வந்துச்சு பாரு, ஏம்மா ஒரு வழி கண்டுபிடிச்சா. நாலு மணி ஆச்சுன்னா, தாள்ல அந்த இடத்துல இருக்கோ இல்லையோ, இப்படி இழுத்து வாசிப்பா. அதான் எங்களுக்கு மணி. ஒவ்வொருத்தரா எழுந்து பின்வாசலுக்குப் போயிருவோம். அந்த நேரம் கணக்குல குனிஞ்சிருக்கற முதலாளிக்குச் சத்தம் மட்டும் கேக்கும். வேத வார்த்தையாச்சே, என்ன சொல்லித் திட்டுவாரு? புத்தகம் முடிஞ்சு எத்தனையோ வருஷம் அதையே வச்சு ஓட்டினோம். டெலிபோன் டைரக்டரி வாசிக்கும்போதும் நடுவுல உயிர்த்தெழுதல் வரும்!" கண்ணைத் துடைத்தார். "எனக்கே மறந்துபோச்சு தம்பி. நீ போன்ல கேட்டதும் பெரிய அர்த்தந்தான் ஞாபகம் வந்துச்சு. காலுக்குத்தான் மறக்கலை."

மாப்ளே பெட்டியை விட்டு எழுந்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அம்மா, டீ வேணுமா?"

"அனஸ்தாசிஸ்." 'வேற என்னடா' என்று.

"உனக்கு எல்லாம் புரியுதாம்மா?"

அக்கா அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அன்னைக்கு அடுக்களையில நான் பேசினது..."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பினாள். அன்றைக்குச் சொன்ன அதே தொனியில், காற்றில்லாமல், சொன்னாள். அவனுக்கு அர்த்தம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரிய ஆபீசில் வேலை பார்க்கிறவன், போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் இடது கை வந்தது. தலையைத் தடவப் போகிறாள் என்று நினைத்தேன். அது அவன் சட்டைக்குப் போனது. பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டிருந்தான், காலையிலிருந்தே. நாங்கள் யாரும் பார்க்கவில்லை. விரலால் அதைத் தட்டித் தட்டிக் காட்டினாள்.

"அனஸ்தாசிஸ். அனஸ்தாசிஸ்."

தப்பு. தப்பு. திருத்து.

மார்ச் 15

வேன் வந்தது. மாப்ளே வெளியே போய்ப் பேசினான். டிரைவர் சத்தம் போட்டான். "ஆள் வரலைப்பா, அவ்வளவுதான்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு வந்தான். பெட்டியைத் திறந்து சிவப்புப் பேனாக்களை முதலில் எடுத்தான்.

ஏப்ரல் 22

நாலு மணிக்கு டீ. நாடியை நெஞ்சோடு சேர்த்துக் குனிய வைத்து, ஸ்பூனில், கொஞ்சம் கொஞ்சமாக. டீச்சரம்மா கற்றுக்கொடுத்த விதம். தையல்காரியும் வந்துவிடுகிறாள். இப்போது முட்டி போடுவதில்லை, தம்ளரோடு வருகிறாள். "ஆனாலும் அண்ணே, அந்தப் பெரிய அர்த்தமும் பொய்யில்லையே?" என்று கேட்டாள். யார் பொய் என்றது? அது பாட்டுக்கு அது இருக்கட்டும். டீ ஆறுது, குடி என்றேன்.

ஜூன் 2

மாப்ளே நாலு மணிக்குப் போன் பண்ணி அந்தச் சொல்லைச் சொல்கிறான். இழுப்பு சரியில்லை என்றால் அக்கா விடுவதில்லை, மறுபடி சொல்ல வைக்கிறாள். இன்று ஐந்தாறு தடவை. "ஆபீஸ்ல எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க மாமா!" இன்னும் பாஸ் மார்க் விழவில்லை.

ஆகஸ்ட் 8

இருமல் விடவில்லை. மருத்துவமனை வேண்டுமா என்று மாப்ளே அவளையே கேட்டான். சுவரைப் பார்த்து ஒரு தொனி. வீட்டில் இருக்கலாமா என்றான். இன்னொரு தொனி. எழுதிக்காட்டத் தெரியவில்லை, ஆனால் எங்கள் இருவருக்கும் கேட்டது.

ஆகஸ்ட் 19

காலையில். அவள் ஜன்னல் பக்கத்திலேயே. திரையை நான் விலக்கியபோது திட்டு வரவில்லை.

ஆகஸ்ட் 28

கட்டிலை மடித்துச் சுவரோரம் சாத்தியாகிவிட்டது. தரையில் அதன் கால் இருந்த இடம் நாலு வெள்ளை வட்டம். மாப்ளே லீவு போட்டு இங்கேயே இருக்கிறான். யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

மதியம் ஒற்று வந்தார். கல்லறைக் கல்லில் அந்தச் சொல்லைப் பொறிக்கலாமே, இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் உண்டா என்று கேட்டார்.

மாப்ளே யோசித்துவிட்டு, "வேணாம்" என்றான். "கல்லு அதை எப்படிச் சொல்லும்? ஒரே மாதிரிதானே சொல்லிக்கிட்டு நிக்கும்."

ஒற்று தலையாட்டினார். தையல்காரி வீட்டு மெஷின் ஓடியது, நின்றது. வெயில் தரையில் நகர்ந்து அந்த வெள்ளை வட்டங்களில் ஒன்றைத் தொட்டது. கிடையில் தாயாடு போன பிறகு மற்றவை படுத்தே கிடக்கும், மேய்ச்சலுக்கு எழாது. தட்டி எழுப்ப எனக்குத் தெரியும். மனுஷரை எப்படி எழுப்புவது? என்னால் என்னையே முடியவில்லை.

மாப்ளே கடிகாரத்தைப் பார்த்தான். இடது புருவம் மேலே ஏறியது.

"அனஸ்தா...சிஸ்."

நடுவில் அந்த இழுப்பு. கடைசியில் அந்த வெட்டு. ஒரு மாத்திரை பிசகவில்லை.

ஒற்று முட்டியில் கை ஊன்றி எழுந்தார். நானும் எழுந்தேன்.